அன்னவாசல் சாலையில் தனியாக

சைக்கிள் பழக நான் பெயர் கொடுத்தபோது, எதற்காக என்று அறிவொளி எழுத்தறிவு இயக்கத் தொண்டர்கள் கேட்டார்கள். பாடம் நடத்தும் ஊர்களுக்குப் போய்வரத் தோதாக இருக்கும் என்று சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் மனசுக்குள் இருந்த காரணம் வேறு. பக்கத்தில் யாரும் இல்லாமல், எங்கே போகிறாய் என்று யாரும் கேட்காமல், ஒரு தடவையாவது ஒரு சாலையில் போய்ப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. பத்தொன்பது வயதில் அதை வெளியே சொல்ல முடியவில்லை. தனியாக இருக்க ஆசைப்படும் பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. முப்பது வருடங்களுக்கு மேல் கடந்துவிட்டன. என் மகளின் தலைமுறை சாலையில் போவதைப் பார்க்கும்போது, இதை இனியாவது சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

இலுப்பூருக்கும் அன்னவாசலுக்கும் நடுவில், தார்ச்சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூர் எங்களுடையது. புதுக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம் நெல். இல்லாவிட்டால் கடலை. அதுவும் பொய்த்த வருடம் ஆண்கள் வெளியூர் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பெண்கள் கல் உடைக்கவும் சித்தாள் வேலைக்கும் போவார்கள். பேருந்து காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதைப் பிடிக்கவே வரப்பிலும் வண்டிப் பாதையிலும் வெகுதூரம் நடக்க வேண்டும்.

ஒரு பெண் வெளியே போக வேண்டும் என்றால் அதற்கு ஓர் ஆணின் நேரம் வேண்டியிருந்தது. எனக்குக் காய்ச்சல் என்றால் அப்பாவோ அண்ணனோ வயலிலிருந்து வர வேண்டும், சைக்கிளை எடுக்க வேண்டும், கேரியரில் என்னை உட்காரவைத்து அன்னவாசல் ஆஸ்பத்திரிவரை மிதிக்க வேண்டும். அன்று அவர்களுக்குத் தோதுப்படவில்லை என்றால் காய்ச்சல் மறுநாள்வரை இருக்கும். அம்மாவின் தாய்வீடு எட்டுக் கிலோமீட்டர் தூரம்தான். ஆனாலும் அம்மா அங்கே போனது நல்லது கெட்டதுக்கு மட்டும்தான். கல்யாணம், காதுகுத்து, சாவு. இவற்றுக்கு இடைப்பட்ட நாட்களில் தன் அம்மா உயிரோடு இருக்கிறாளா, சாப்பிட்டாளா என்பதை அந்தப் பக்கமிருந்து சந்தைக்கு வருகிறவர்களிடம் விசாரித்துத்தான் தெரிந்துகொள்வாள். இதை ஒரு குறையாக அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் பிறந்தது இந்தப் புதுக்கோட்டையில்தான். ஒரு பெண்ணை மகாராஜா கல்லூரியில் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு வந்ததும், அதை மீறி மன்னர் இடம் கொடுத்ததும் எங்கள் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லப்பட்ட வரலாறு. கேட்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும். ஆனால் அந்த வாசல் திறந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆன பிறகும், எங்கள் ஊரில் எட்டாவதுக்கு மேல் படித்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உயர்நிலைப்பள்ளி தூரத்தில் இருந்தது. வயதுக்கு வந்த பெண்ணை அத்தனை தூரம் நடத்தி அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. அறிவு இல்லாமல் எந்தப் பெண்ணும் நிற்கவில்லை. தூரத்தால் நின்றார்கள். நான் பிளஸ் டூ முடித்ததே, இலுப்பூரில் அத்தை வீடு இருந்து அங்கே தங்க இடம் கிடைத்ததால்தான்.

1991-இல் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டைக்கு வந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த அலை இங்கேயும் அடித்தது. அப்போது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். ஆட்சியராக ஒரு பெண் ஜீப்பில் வந்து இறங்கி, மண்தரையில் எங்களோடு உட்கார்ந்து பேசுவதை முதன்முதலாகப் பார்த்தோம். அறிவியல் இயக்கத்துக்காரர்களும் வாத்தியார்களும் கல்லூரிப் பிள்ளைகளும் வேலையில்லாத இளைஞர்களும் தெருத்தெருவாகப் பாட்டுப் பாடி, நாடகம் போட்டு, ஆள் சேர்த்தார்கள். பிளஸ் டூ படித்துவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருந்த என்னைப் போன்றவர்களுக்கு அரிக்கேன் விளக்கும் சிலேட்டும் கொடுத்துப் பாடம் சொல்லிக்கொடுக்க அனுப்பினார்கள். பகலெல்லாம் கல் உடைத்த கைகள் ராத்திரியில் 'அ' எழுதப் பழகின.

சைக்கிள் அதற்குள் எப்படி நுழைந்தது என்றால், தேவையால்தான். பாடம் சொல்லிக்கொடுக்கும் பெண் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். ஒருங்கிணைப்பாளர் பத்துப் பதினைந்து ஊர்களைச் சுற்ற வேண்டும். இத்தனைக்கும் வாகனம் எங்கே இருக்கிறது? ஆட்சியர் சைக்கிள் பயிற்சியையே எழுத்தறிவுத் திட்டத்தின் ஒரு பகுதியாகச் சேர்த்துவிட்டார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகளைக் கடன் கொடுக்க வைத்தார். இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. எனக்கு அது முதலாவதைவிடப் பெரியதாகத் தெரிகிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் பயிற்சி நடக்கும். வாடகைக் கடையிலிருந்து எடுத்துவந்த ஜென்ட்ஸ் சைக்கிள்கள். லேடீஸ் சைக்கிளுக்கு அப்போது மாவட்டம் முழுவதும் தட்டுப்பாடு. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நடுவில் இருக்கும் பாரைத் தாண்டிக் காலைப் போடக் கூச்சப்பட்டு, முதலில் எல்லோரும் குரங்குப் பெடல்தான் போட்டோம். பிறகு அந்தப் பாரே உதவியாகிவிட்டது. முன்னால் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று கண்டுபிடித்த பெண்கள், லேடீஸ் சைக்கிள் கிடைத்தபோதும் வேண்டாம் என்றார்கள்.

எனக்குக் கற்றுக்கொடுத்தது காலனியைச் சேர்ந்த ஓர் அக்கா. கல் குவாரியில் வேலை செய்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எங்கள் செட்டில் முதலில் சைக்கிள் பழகியவர் அவர்தான். அதனால் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. இதன் கனம் வெளியூர்க்காரர்களுக்கு உடனே விளங்காது. நான் ஊர்த்தெருப் பெண். அந்த அக்காவின் அம்மா எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் வந்து நின்றுதான் பேசுவார். என் வயதுப் பிள்ளைகள்கூட அவரைப் பெயர் சொல்லி, வா போ என்று கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். அவர் மகள் என் சீட்டை ஒரு கையாலும் என் முதுகை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க என் பின்னால் ஓடி வந்தார். வண்டி சாய்ந்தபோது என்னை அள்ளிப் பிடித்தார். என் முட்டியில் வழிந்த ரத்தத்தைத் தன் முந்தானையால் துடைத்தார்.

"பயம் வந்தா நிறுத்தாத தாயி, மிதி. நிறுத்துனாத்தான் சாயும்" என்பார்.

"சரிக்கா" என்றேன் ஒருநாள். வாயிலிருந்து தானாக வந்தது. அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் சீட்டைப் பிடித்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்காதான். வீட்டில் அப்பாயிக்கு இது தெரிந்து பெரிய சண்டை நடந்தது.

அப்பாயிக்கு இன்னொரு பயமும் இருந்தது. "சைக்கிள்ல குந்துனா வயித்துல புள்ள தங்காதுடி" என்று அழுதாள். உண்மையாகவே பயந்துதான் அழுதாள். பல வருடங்கள் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன்: 1890-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் சைக்கிள் ஏறியபோது, படித்த டாக்டர்களே இதே மாதிரி எழுதியிருக்கிறார்கள். கர்ப்பம் தரிக்காது, முகம் கோணிப்போகும் என்றெல்லாம். அமெரிக்காவில் பெண்களின் ஓட்டுரிமைக்காக வாழ்நாள் முழுவதும் போராடிய சூசன் பி. அந்தோணி 1896-இல் ஒரு பேட்டியில், உலகத்தில் வேறெதையும்விடப் பெண் விடுதலைக்கு அதிகம் செய்தது சைக்கிள்தான் என்று கருத்துச் சொல்லியிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பாயியும் மருத்துவம் படித்த அந்த டாக்டர்களும் ஒரே பயத்தைப் பயந்திருக்கிறார்கள். பெண் தானாகவே போய்விட்டு, தானாகவே திரும்பி வருவாள் என்பதை நம்ப அவர்களுக்குப் பழக்கமில்லை.

ஒரு விடியற்காலை, பக்கத்து ஊரில் கூட்டம் என்று சொல்லிவிட்டு, அண்ணனுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கூட்டம் பத்து மணிக்கு. நான் கிளம்பியது ஆறரைக்கு. அன்னவாசல் சாலையில் ஏறியதும் முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை. இரண்டு பக்கமும் புளியமரங்கள். அதைத் தாண்டித் தைலமரக் காடு. செயின் சத்தமும் என் மூச்சுச் சத்தமும் மட்டும் கேட்டன. எதிரே வந்த பால்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். போகப்போக உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. ஒரு பாலத்துக் கட்டையில் சைக்கிளைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று தெரியாது.

பிறந்ததிலிருந்து அந்த நிமிடம்வரை நான் தனியாக இருந்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தூங்கும்போதும் அப்பாயி பக்கத்தில். குளிக்கப்போனால் தங்கச்சி. காட்டுக்குப் போனால் அம்மா. எல்லோரும் அன்பானவர்கள்தான். ஆனால் எனக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுப்பார்க்க ஒரு கால்மணி நேரம் எனக்குக் கிடைத்திருக்கவில்லை. அங்கே உட்கார்ந்துதான், எனக்கு மேலே படிக்க விருப்பம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். குழந்தைகளோடு வேலை செய்யப் பிடிக்கும் என்றும், மாமா மகனைக் கட்டிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை என்றும் தெரிந்துகொண்டேன். இவை பெரிய ஞானமில்லை. வேறு வீடுகளில் ஆண்பிள்ளைகள் பன்னிரண்டு வயதில், கண்மாய்க் கரையில் கால் ஆட்டிக்கொண்டு யோசித்து முடித்த விஷயங்கள். எப்போது கிளம்பலாம் என்று தோன்றியதோ அப்போது எழுந்து கிளம்பினேன்.

சைக்கிளால் பெண்களுக்கு வருமானம் கூடியது, சந்தைக்குப் போனார்கள், தண்ணீர் எடுத்தார்கள் என்று சொல்வார்கள். எல்லாம் நிஜம். காலையில் கீரைக்கட்டைக் கேரியரில் வைத்து நாலு ஊர் சுற்றி விற்றுவிட்டு, பிள்ளை பள்ளிக்கூடம் கிளம்பும் முன்னால் திரும்பிவிடும் பெண்களை எனக்குத் தெரியும். பின்னால் குடம், முன்னால் குழந்தை என்று போன பெண்களையும் தெரியும். ஆனாலும் இத்தனை பெண்கள் அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காக வாரம் முழுவதும் ஏங்கியது வருமானத்துக்காக மட்டும் என்று நான் நம்ப மாட்டேன். அவர்கள் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

பழகி முடித்த கொஞ்ச நாளில் அம்மாவைக் கேரியரில் உட்காரவைத்தேன். "எங்கடி?" என்றாள். "உங்க ஆத்தா வீட்டுக்கு" என்றேன். அன்று எந்த விசேஷமும் இல்லை. வெறும் புதன்கிழமை. எட்டுக் கிலோமீட்டரும் அம்மா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வாசலில் எங்களைப் பார்த்ததும் அம்மாயி முகம் வெளுத்துப்போனாள். "யாருக்கு என்ன ஆச்சு?" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். சாவுச் செய்தி என்று நினைத்துவிட்டாள். "ஒண்ணுமில்லத்தா. சும்மா ஒன்னப் பாக்க வந்தேன்" என்று அம்மா சொன்னாள். இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து, கல்யாணமாகி இருபத்துச் சொச்சம் வருடங்களில் முதல்முறையாக, எந்தக் காரியமும் இல்லாமல் பேசினார்கள். நான் புளியமரத்தடியில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு அவர்களைப் பார்க்காத மாதிரி இருந்தேன். பெண்கள் முன்னேற்றம் என்று மேடையில் யார் பேசினாலும் எனக்கு அந்தத் திண்ணைதான் மனசில் வரும்.

1992-இல் மகளிர் தினத்தை ஒட்டிப் புதுக்கோட்டை நகரத்தில் பெண்களின் சைக்கிள் பேரணி நடந்தது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள். ஹேண்டில்பாரில் கொடி. எல்லோரும் மணியடித்துக்கொண்டே போனோம். கடைக்காரர்கள் கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்து பார்த்தார்கள். இந்தச் சைக்கிள் பழக்கத்துக்கென்றே அறிவொளியைச் சேர்ந்த முத்து பாஸ்கரன் எழுதிய பாட்டு அப்போது ஊர் ஊராகப் பரவியிருந்தது. அதை எல்லோரும் சேர்ந்து பாடினோம். நான் தொண்டை கட்டும்வரை பாடினேன். செய்தி சேகரிக்க வந்த பத்திரிகையாளர் பி. சாய்நாத் இந்த மாவட்டத்துப் பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரை, 1996-இல் வெளிவந்த அவருடைய புத்தகத்திலும் இடம்பெற்றது. ஒன்றரை வருடத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள், பத்து வயதுக்குக் குறைந்த சிறுமிகளைக் கழித்துவிட்டால் மாவட்டத்துக் கிராமப் பெண்களில் நாலில் ஒருவருக்கும் மேல் என்று அவர் கணக்குச் சொல்கிறார். அந்தக் கட்டுரையின் இந்தி வடிவம் வடமாநிலங்களில் எட்டாம் வகுப்புப் பாடமாக வைக்கப்பட்டது. எங்கோ உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பிள்ளைகள் எங்கள் ஊர்க்காரிகளைப் பற்றிப் படித்துப் பரீட்சை எழுதினார்கள் என்று நினைக்கும்போது, இன்றும் எனக்குக் கண் நிறைகிறது.

பேரணியைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அதற்கு அடுத்த வாரம் எங்கள் ஊரில் நடந்ததுதான். காலனிக்காரர்கள் ஊர்த்தெரு வழியாகச் சைக்கிளில் போனால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இது எழுதப்படாத சட்டம். தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் இருந்த சட்டம். அந்த அக்கா சைக்கிளில் ஏறி, இறங்காமல், ஊர்த்தெரு வழியாகவே வந்தார். சாவடியில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுந்தார். அதற்குள் அக்காவுக்குப் பின்னால் நாங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தோம். எழுந்தவருடைய மகளும் அந்த வரிசையில் இருந்தாள். அவர் அப்படியே நின்றார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி வீட்டுக்கு வீடு சத்தம் கேட்டது. அக்காவின் புருஷனைக் கூப்பிட்டு மிரட்டினார்கள். மறுநாளும் அக்கா அதே வழியில்தான் வந்தார். கை நடுங்கியதைப் பார்த்தேன். ஆனால் மிதித்துக்கொண்டே போனார்.

அக்கா வேலை பார்த்த மாதிரியான கல் குவாரிகள் சிலவற்றை அந்தக் காலத்தில் ஆட்சியர் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டார். கொத்தடிமைபோல் இருந்தவர்கள் கணக்கு எழுதவும், லாரிக்காரரிடம் விலை பேசவும் வேண்டி வந்தது. அக்காவும் ஒரு குழுவில் சேர்ந்தார். சைக்கிளால் என்ன லாபம் என்று ஒருமுறை கேட்டேன். "வெளிச்சத்தோட வீட்டுக்கு வந்துடுறேன். கஞ்சியச் சூடா குடிக்கிறேன்" என்றார்.

1992-இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாகப் புதுக்கோட்டை அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு அதிகாரிகள் மாறினார்கள், இயக்கத்தின் சூடு தணிந்தது. எனக்கும் கல்யாணம் ஆனது. மாமா மகனோடு இல்லை. கீரனூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டேன். மருமகள் சைக்கிளில் போவது குடும்பத்துக்கு அழகில்லை என்று மாமியார் சொன்னார். கொண்டுபோன சைக்கிளைக் கொழுந்தன் எடுத்துக்கொண்டார். எனக்கு மட்டும் நடந்தது இல்லை இது. என்னோடு பழகிய பெண்களில் பலருக்கு இதே கதிதான். ஓட்டத் தெரியும், ஓட்ட வண்டி இல்லை. வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தால் அது ஆணுடையது. அவர் வேலைக்குப் போன பிறகு, அவர் மனம் நன்றாக இருக்கும் நாளில், மிச்சமிருக்கும் நேரத்தில்தான் அது பெண்ணுக்கு. வங்கிக் கடன் தன் பெயரில் வாங்கி, தவணையைத் தன் கூலியிலிருந்து கட்டிய பெண்களிடம் மட்டும் சைக்கிள் தங்கியது. அந்த அக்காவின் சைக்கிளை அவர் புருஷன்கூடக் கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். கற்றுக்கொடுத்தது பாதி வேலைதான், பொருள் அவள் பெயரில் இருந்தால்தான் வேலை முடிகிறது என்று நான் கற்றது அங்கேதான். வீட்டுக்கும் நிலத்துக்கும் இது பொருந்தும்.

மகள் பிறந்த பிறகு அங்கன்வாடிப் பணியாளராக வேலை கிடைத்தது. மையம் ஆறு கிலோமீட்டர் தள்ளி. பேருந்து நேரம் ஒத்துவரவில்லை. யார் கொண்டுபோய் விடுவது என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. "எனக்கு ஓட்டத் தெரியும்" என்றேன். அந்த வீட்டில் நான் குரல் உயர்த்திப் பேசிய முதல் பேச்சு அது. என் கணவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோனார். கோபம் என்று நினைத்தேன். சாயங்காலம் கீரனூரிலிருந்து ஒரு பழைய சைக்கிளை ஓவர்ஹாலிங் செய்து, புது டயர் போட்டு, தள்ளிக்கொண்டு வந்தார். "உன் சம்பளத்துல கடையில பாக்கியக் குடுத்துரு. இது உன்னது" என்றார். அவருக்கு அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அவருடைய அம்மாவும் அறிவொளி வகுப்புக்குப் போக ஆசைப்பட்டு, போகவிடாமல் தடுக்கப்பட்டவர் என்று வெகுநாள் கழித்து அவரே சொன்னார். பத்து வருட இடைவெளிக்குப் பிறகும் கால் மறக்கவில்லை. ஏறியதும் மிதித்தேன்.

தமிழக அரசு 2001-02-இல் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-06-இலிருந்து எல்லோருக்கும் என்று ஆனது. என் மகள் அப்படி ஒரு சைக்கிளில்தான் பிளஸ் டூ முடித்தாள். இன்று ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறாள். திருச்சி சாலையில் காலை ஒன்பது மணிக்கு நின்று பார்த்தால், ஹெல்மெட் போட்ட பெண்கள் வரிசையாகப் போகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. யாரும் திரும்பிப் பார்க்காத அளவுக்கு இது சாதாரணமானதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். 2021-இலிருந்து நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஓசி என்று அதைக் கேலி பேசுகிறவர்களைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. தாய்வீட்டுக்குப் போக இன்னொருவர் பையிலிருந்து காசு கேட்டு நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இதையெல்லாம் பார்த்து நம்பிக்கை என்று சொல்லும்போது எனக்கு ஒரு பயமும் கூடவே வருகிறது. 2022 டிசம்பரில், இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் வேங்கைவயலில், பட்டியல் சமூக மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. கண்மாய்க்குள் ஒருவர் சீட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடிய மண்ணா இது என்று நெஞ்சு அடைத்தது. அந்த அக்காவுக்குப் போன் செய்தேன். இப்போது அறுபது வயதுக்காரர். பேத்தி நர்ஸிங் படிக்கிறாள். "நாம அன்னைக்கு ஓட்டலைன்னா இன்னும் மோசமா இருந்திருக்கும் தாயி. விட்டுட்டம்ல, அதான். விடாம இருந்திருக்கணும்" என்றார். அவர் சொன்னது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். மூன்று வருடம் மூச்சைப் பிடித்து நடத்திய ஓர் இயக்கம் எங்கள் வாழ்க்கையை இவ்வளவு மாற்றியிருக்கிறது. அதை முப்பது வருடம் விடாமல் நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கத்தான் எனக்கு ஆசையாக இருக்கிறது. நடந்தது தற்செயல் இல்லை. அரசு, வங்கி, இயக்கம், பெண்கள் நாலும் ஒரே திசையில் இழுத்ததால் நடந்தது. அதனால் மறுபடியும் நடக்க முடியும்.

பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கும் திட்டம் வந்தது. கார்த்திக் முரளிதரன், நிஷீத் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அதைப் பக்கத்து மாநிலமான ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். உயர்நிலைப்பள்ளியில் சேரும் பெண்களின் அளவு ஏறக்குறைய முப்பது சதவீதம் கூடியிருந்தது. ஆண் பெண் இடைவெளி நாற்பது சதவீதம் குறைந்திருந்தது. பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த ஊர்களில்தான் அந்த மாற்றம் அதிகம். எங்கள் ஊரின் கதையும் அதுதான் என்பதால் அந்த எண்கள் எனக்கு வியப்பாக இல்லை.

தமிழ்நாட்டில் நாம் கொடுப்பது பதினொன்றாம் வகுப்பில். எட்டாவதிலும் பத்தாவதிலும் நின்றுபோகிற பெண்ணுக்கு அந்தச் சைக்கிள் எட்டுவதே இல்லை. தூரத்தைத் தாண்டி எப்படியோ வந்து சேர்ந்தவளுக்குத்தான் தூரத்தைத் தாண்டும் வண்டி கிடைக்கிறது. என் அங்கன்வாடியில் படித்து, ஒன்பதாவதோடு நின்று, பதினெட்டு வயதில் கையில் பிள்ளையோடு அதே மையத்துக்குத் திரும்பி வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆட்சியில் இருப்பவர்களுக்கும், இனி ஆட்சிக்கு வரப்போகிறவர்களுக்கும் ஓர் அங்கன்வாடிப் பணியாளரின் வேண்டுகோள் இது. பள்ளிக்கூடம் தூரமாக இருக்கும் ஊர்களிலாவது சைக்கிளை ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் ஜூன் மாதத்திலேயே, பெண்பிள்ளைகள் கையில் கொடுங்கள். ஓட்டத் தெரியாத பிள்ளைகளுக்கு ஊராட்சியில் ஒரு மைதானமும் கற்றுக்கொடுக்க ஒரு பெண்ணையும் ஏற்பாடு செய்யுங்கள். அந்தச் சாலையில் விளக்குப் போடுங்கள். பெற்றோருக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அந்தச் சைக்கிளை அண்ணனுக்கோ அப்பாவுக்கோ எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அது அவளுடையது.